ஊர் விலை

இந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகிறது என்றுதானே கேட்டீர்கள்? உட்காருங்கள் சார். உங்கள் டோக்கன் என்ன, முப்பத்தொன்றா? எங்களுக்கு இருபத்துமூன்று. உள்ளே இப்போதுதான் பதினாறு போயிருக்கிறது. நடுவில் சர்வர் வேறு நின்றுவிடும். நேரம் இருக்கிறது.

உங்கள்மேல் கோபமில்லை. கேள்வியின்மேல்தான் கோபம். இதே கேள்வியை ஒன்பது மாதமாக இந்த ஊரில் நான் கேட்காத ஆள் கிடையாது. ஒருவனாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடினானா? எல்லோரும் என்னைத் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "வாங்குறதுக்கா, விக்கிறதுக்கா?"

என்ன கேள்வி சார் இது? தக்காளி என்ன விலை என்று கேட்டால் யாராவது இப்படிக் கேட்பார்களா?

நான் உழவர் சந்தையில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவன். விடிவதற்கு முன்னால் மொத்த மார்க்கெட்டுக்குப் போவேன். மூன்று மண்டியில் விசாரிப்பேன். கூடச் சொன்னவனைத் தள்ளு, குறைத்துச் சொன்னவனைத் தள்ளு, நடுவில் இருப்பதை எடு. அதன்மேல் சந்தைக்கு உண்டானதைச் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் அதுதான் விலை. வாங்குகிறவருக்கும் அதுதான், விற்கிறவருக்கும் அதுதான். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் இந்த ஊர் குழம்பு வைத்தது. இன்றைக்கும் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. போர்டு சார் என்று கேளுங்கள், வீட்டைக் காட்டுவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு சென்ட் நிலத்தின் விலை தெரியவில்லை. அதுவும் சொந்த இடத்தின் விலை.

ரயில்வே கேட்டைத் தாண்டி அப்பா வாங்கிப் போட்ட பன்னிரண்டு சென்ட் இருக்கிறது. அவர் இருக்கும்போதே மேற்கே ஆறு எனக்கு, கிழக்கே ஆறு தங்கைக்கு என்று எழுதி வைத்துவிட்டார். தங்கை முத்தரசி. அதோ, அந்தத் தூண் ஓரத்தில் நீலப் புடவை. இந்தப் பக்கம் திரும்பமாட்டாள். கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. முப்பது வருடமும் வாடகை வீடு.

போன தை மாதம் வந்தாள். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப் போகிறாராம். இவ்வளவு நாள் இருந்தவள், நீயே வாங்கிக்கொள் என்று ஐப்பசி வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறாராம். அதற்குள் பணம் புரளவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"அண்ணே, என்னோட ஆறு சென்ட்டை நீயே எடுத்துக்க. வெளியாளு வந்து நடுவுல சுவரு வைக்க வேணாம். ஊர் விலை என்னவோ அதைக் குடு."

கவனித்தீர்களா? இரண்டு லட்சம் கொடு, மூன்று லட்சம் கொடு என்று சொல்லவில்லை. ஊர் விலை என்னவோ அதைக் கொடு என்றாள். அந்த வார்த்தையை நான் மதித்தேன் சார். மதித்ததுதான் நான் செய்த குற்றம் என்று இப்போது சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் வந்தது இந்தப் பத்திரப் பதிவு ஆபீஸுக்குத்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று அரசாங்கம் போட்டிருப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் சென்ட் தொண்ணூறாயிரம். அப்படியானால் விலை தொண்ணூறாயிரம்தானே என்றேன். "அது பத்திரத்துக்கு சார்" என்றார் அந்த மனிதர். பத்திரத்துக்கு ஒரு விலையாம், நிலத்துக்கு ஒரு விலையாம்.

சரி, எங்கள் இடம் இருக்கிற தெருவில் கடைசியாக வாங்கியவரின் பத்திரத்தை நகல் எடுத்தேன். தொண்ணூற்றைந்தாயிரம் என்று போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "பத்திரத்துல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். நிஜமாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்றேன். குழாயை மூடினார். "சார் இன்கம் டாக்ஸா?" "இல்லை, உழவர் சந்தை" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

வங்கிக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கிற இன்ஜினியர் ஒருவரைப் பிடித்தேன். படித்தவர், ஒரே எண்ணாகச் சொல்வார் என்று நம்பினேன். "லோன் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க. மதிப்பு அதுக்குத் தக்கன வரும்" என்றார். புதுப் பேருந்து நிலையம் அந்தப் பக்கம் வருவதாக ஒரு பேச்சு. வந்தால் விலை ஏறுமே என்று நகராட்சியில் போய்க் கேட்டேன். வரும்போது வரும் என்றார்கள்.

கடைசியில் அலங்காரத்திடம் போனேன். இந்த ஊரில் நிலத் தரகு என்றால் அலங்காரம்தான். அதோ, தங்கைக்குப் பக்கத்தில் கையில் இரண்டு போனோடு நிற்கிறானே, அவன்தான்.

"வாங்குறதுக்கா, விக்கிறதுக்கா சார்?"

"தெரிஞ்சுக்கிறதுக்கு."

"தெரிஞ்சுக்கிறதுக்குன்னு ஒரு விலை கிடையாதே சார்."

கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

இவர்களிடம் நேராகக் கேட்டால் வராது, மண்டியில் கேட்கிற மாதிரிதான் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மண்டியில் நான் சந்தை ஆபீஸர் என்று சொல்லிக்கொண்டா போவேன்? பத்து மூட்டை தூக்கப் போகிறவன் மாதிரித்தான் கேட்பேன். அதுதான் முறை.

வீட்டுக்காரியை அவள் போனிலிருந்து அலங்காரத்திடம் பேசச் சொன்னேன். ஆறு சென்ட் இருக்கிறது, விற்க வேண்டும். "இப்ப மார்க்கெட்டு படுத்துக் கிடக்குதும்மா. சென்ட்டு ரெண்டு லட்சம் வரும். அதுவும் பார்ட்டி கெடைச்சா" என்றான். அரை மணி நேரம் கழித்து என் போனிலிருந்து நான் பேசினேன். என் குரலில் இல்லை. திருப்பூரில் மச்சான் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். அப்படியே பேசினேன். "ஏனுங்க, நாங்க திருப்பூருங்க. பனியன் கம்பெனிங்க. நம்மளுக்கு ரயில்வே கேட்டுப் பக்கம் எடம் வேணுமுங்க." அதே இடம் சார், அதே அலங்காரம். அரை மணி நேரத்தில் நாலு லட்சம் ஆகிவிட்டது. "மூணரைன்னா முடிச்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மற்ற தரகர்களிடமும் அப்படியே கேட்டேன். வாரம் ஒரு சுற்று. ஒருமுறை கேட்டால் அது விலை ஆகாது. தொடர்ந்து கேட்க வேண்டும்.

இரண்டு, நாலு. நடுவில் மூன்று. நோட்டில் எழுதினேன். முத்தரசிக்குப் போன் போட்டு மூன்று என்று சொல்வதற்கு முன்னால் முகம் மழித்துக்கொள்ளப் போனேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

சலூன்காரன் சொல்கிறான். "போர்டு சார், சங்கதி தெரியுமா? திருப்பூர்ப் பார்ட்டி ஒண்ணு எறங்கியிருக்கு. பனியன் கம்பெனிக்காரனாம். கேட்டுக்கு அந்தப் பக்கம் மொத்தத்தையும் வளைக்கிறான். நாலரை குடுக்குறானாம்."

எனக்கு எப்படி இருக்கும்? நான் சொன்னது மூன்றரை. இவன் நாலரை. எனக்குப் போட்டியாக ஒருவன் முளைத்திருக்கிறான், அதுவும் அதே திருப்பூரிலிருந்து, அதே பனியன் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு! பாதி சவரத்தில் எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் டீக்கடையில் அது ஐந்தாகிவிட்டது. ஒருவன் இல்லை, இரண்டு பேராம். வெள்ளைக் காரில் வருகிறார்களாம். யார் பார்த்தது என்று கேட்டேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என்னைத் தவிர.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலத்துக் கட்டை இருக்கிறது. அதில் பதினொரு நாள் உட்கார்ந்தேன். திருப்பூர் நம்பர் போட்ட வெள்ளைக் கார் ஒன்றே ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே ஒரு குடும்பம், மொட்டை போட வந்தவர்கள். பழனிக்கு இந்த வழியாகப் போகலாமா என்று என்னைக் கேட்டார்கள்.

அப்போதும் நான் விடவில்லை. அலங்காரத்தையே மடக்கினேன். போன் போட்டு, அதே திருப்பூர்க் குரலில்தான், "வேற யாராச்சும் கேக்கறாங்களாங்க?" என்றேன்.

"கேக்குறாங்களாவா? அஞ்சு வரைக்கும் போயிருச்சுங்க. நீங்க முந்திக்கணும்ங்க."

"யாருங்க அது?"

"உங்க ஊர்க்காரர்தாங்க."

பாருங்கள், வாய்மொழியாகவே ஒத்துக்கொண்டான். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஒன்றுமில்லாத இடத்தில் இப்படி விலையைக் கிளப்பிவிடுகிறவன் மனிதனா சார்? அவனுக்கு அது பொழுதுபோக்கு. போனைப் போட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பான். அவன் சொன்ன ஒரு வார்த்தையால் இங்கே ஒரு குடும்பம் பிரிகிறது. அது அவனுக்குத் தெரியுமா? தெரிந்தால்தான் கவலைப்படுவானா?

ஆனி மாதம் முத்தரசி போன் பண்ணினாள்.

"அண்ணே, மூணு குடுத்தாக்கூடப் போதும்ணே."

"போதும்ங்கிறது ஒரு விலையா?"

"எனக்குப் போதும்ணே."

"உனக்குப் போதும். நாளைக்கு அஞ்சுக்குப் போச்சுன்னா அண்ணன் ஏமாத்திட்டான்னு ஊரு சொல்லும். நான் அஞ்சு குடுத்து ரெண்டுக்கு எறங்கிருச்சுன்னா உங்க அண்ணி என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா? பொறு. ஒரு பொய்யன் வந்து வெலையக் கெடுத்து வச்சிருக்கான். அவன் போகட்டும்."

"ஐப்பசி வரைக்கும்தான் டயம்ணே."

"ஐப்பசிக்குள்ள அவனக் கண்டுபிடிச்சிருவேன்."

இதில் நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? சொல்லுங்கள். சொல்லமாட்டீர்கள். நீங்களும் யாரையாவது ஏமாற்றத்தான் டோக்கன் வாங்கியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பொதுவாகச் சொன்னேன்.

ஆவணியில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அலங்காரத்தின் கடைக்குப் போய்விட்டாள். திரும்பிப் போகும்போது பேருந்தில் இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தத் திருப்பூர்ப் பார்ட்டியோட நம்பர அலங்காரம் காட்டுனான்ணே. நான் நம்பலேன்னு போனத் தொறந்தே காட்டுனான்."

"காட்டுனானா? குடு. இன்னைக்கே அவன உண்டு இல்லேன்னு ஆக்குறேன்."

பேருந்து இரைச்சலை மீறிச் சொன்னாள்.

"உனக்கு எதுக்குண்ணே? அது உனக்குத் தெரிஞ்ச நம்பர்தான்."

"திருப்பூர்ல உங்க குடும்பத்தத் தவிர எனக்கு யாரத் தெரியும்?"

சிரித்தாள் சார். கண்டக்டர் சில்லறை கேட்பது எனக்குக் கேட்கிறது, அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு சொன்னாள். "ஆளு நம்பிக்கையானவரான்னு அலங்காரம் கேட்டான். தங்கமான மனுசன், ஒண்ணு நெனைச்சா விடமாட்டாருன்னு சொல்லிட்டேன்."

முன்பின் பார்க்காத ஒருவனுக்கு நற்சான்று கொடுக்கிறாள்! கூடப் பிறந்தவன் ஒன்பது மாதமாக நோட்டும் கையுமாக அலைகிறேன், என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் மளமளவென்று நடந்தது. ரோசலின் டீச்சர் என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தங்கைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாரே, மூக்குக்கண்ணாடி. வீடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். திருப்பூர்ப் பார்ட்டி முந்திக்கொள்வான் என்று பயந்து அந்த வாரமே முன்பணம் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்து ஆறு சென்ட் அண்ணனுடையது, நாளைக்குத் தகராறு வரக்கூடாது, அதனால் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பத்திரம். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என்ன விலை என்று கேட்டேன். முத்தரசி சொல்லவில்லை. அலங்காரம், "அத விடுங்க சார்" என்கிறான். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒன்பது மாதத்தில் எங்கள் தெருவில் நடக்கிற ஒரே ஒரு உண்மையான விற்பனை இதுதான். என் அப்பா வாங்கிய இடம். விற்கிறவள் என் தங்கை. சாட்சி நான். விலை எனக்குத் தெரியாது!

பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். சென்ட் தொண்ணூறாயிரம் என்று அடித்திருக்கிறார்கள். அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். இருபத்தொரு வருடம் பலகையில் பொய் எழுதாத கை சார் இது. காலையில் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உள்ளே போய்க் கேட்பேன், நிஜ விலையைச் சொன்னால் போடுவேன், இல்லையென்றால் பேனாவைத் தொடமாட்டேன்.

"நீங்க போடலேன்னா டீச்சர் பின்வாங்கிடுவாங்க. ஐப்பசி முடிய நாலு நாள்தான் இருக்கு. முத்தரசி தெருவுல நிப்பா" என்றாள் அவள்.

"நிக்கட்டும்" என்றேன். சொன்னேன் சார். இப்போதும் சொல்கிறேன். நிற்கட்டும்.

என்ன, இருபத்துமூன்றா? கூப்பிட்டுவிட்டார்களா? இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பணமெல்லாம் இல்லை, நோட்டுதான் இருக்கிறது. ஒன்பது மாத விலை. பத்திரம்.

*

பையைக் கொடுங்கள். இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா?

போட்டுவிட்டேன்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். முத்தரசி பக்கத்தில் நின்றாள். யாருக்கும் கேட்காமல் கேட்டேன். "என்ன வெலைக்குக் குடுத்தே?"

"ஊர் விலைக்குத்தான்ணே."

"ஒம்பது மாசமா எனக்குத் தெரியாத ஊர் விலை ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"திருப்பூர்ப் பார்ட்டி சொன்னாரு."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். வைத்தேன் சார், சொன்னபடி. அதற்குள் கம்ப்யூட்டரில் இருந்த பெண், "சாட்சி, செல் நம்பர் சொல்லுங்க" என்றாள். கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் நின்ற அலங்காரம், "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றான். சொன்னேன். அவன் தன் போனை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எதையோ அழுத்தினான்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு காதில் போனிலும் இன்னொரு காதில் நேரிலுமாக ஒரே குரல் கேட்கிறது. "ஏனுங்க, திருப்பூருங்களா?"

டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "யாரு சார் போன்ல?" என்றார். திருப்பூர் என்ற வார்த்தை அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அப்போதுதான் முத்தரசி என்னை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவை. முகத்தில் ரத்தமே இல்லை. உதடு மட்டும் அண்ணே என்று அசைந்தது.

"ராங் நம்பருங்க டீச்சர்" என்றேன்.

பேனாவை எடுத்தேன், போட்டேன். பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம், எல்லாம். அலங்காரம் போனை மூடி உள்ளே வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவன், அவன் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்?

நீங்களும் சிரிக்கிறீர்கள். வெளியே வந்ததும் அலங்காரம் இப்படித்தான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சார், அது நீங்கதானா சார்?" என்கிறான். நான்தான் என்று தைரியமாகச் சொன்னேன். எனக்கென்ன பயம்? விலை கேட்டது குற்றமா? நான் சொன்னது மூன்றரை. நோட்டில் தேதியோடு இருக்கிறது, காட்டட்டுமா? நாலரை நான் சொன்னேனா? ஐந்து நான் சொன்னேனா? வெள்ளைக் கார் என்னிடம் இருக்கிறதா? சைக்கிள் இருக்கிறது. டீச்சரிடம் நான் பொய் சொல்லவில்லை. அது ராங் நம்பர்தான். அலங்காரம் தேட வேண்டிய ஆளை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

முத்தரசி வந்து கையைப் பிடித்தாள். "வாண்ணே, சாப்பிட்டுட்டுப் போலாம். ராத்திரியே பணத்தக் கட்டிட்டா வீடு முடிஞ்சிரும்" என்றாள். அதோ வாசலில் நிற்கிறாள். நிற்கட்டும். அந்த அஞ்சு சொன்னவன் யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

உங்களுக்கு இருபத்தொன்பது வரைக்கும் வந்துவிட்டது. போவதற்கு முன்னால் ஒரு உதவி. நீங்களும் இந்தப் பக்கம் இடம் பார்க்கிறவர், நாலு பேரிடம் பேசுவீர்கள். அந்தத் திருப்பூர்க்காரனைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால், எந்த நேரமானாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு போன் போடுங்கள். நம்பர் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.